‘எல்க்’: பகலில் விளக்கேந்தித் தேடும் மனிதனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? யார் வரைந்தது?

நெதர்லாந்து ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் 1558ஆம் ஆண்டில் பேனாவாலும் பழுப்பு மையாலும் ஒரு கோட்டோவியம் வரைந்தார். அதை முன்மாதிரியாக வைத்து ஆன்ட்வெர்ப் நகரில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் இது. மூலக் கோட்டோவியம் இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏ4 தாள் ஒன்றைக் கிடையாக வைத்தால் எவ்வளவு இருக்குமோ ஏறத்தாழ அவ்வளவே அதன் அளவு. தகட்டைச் செதுக்கியவர் பீட்டர் வான் டெர் ஹெய்டன் என்று கருதப்படுகிறது. அச்சிட்டு விற்றவர் ஹியரோனிமஸ் கொக். ‘எல்க்’ என்ற டச்சுச் சொல்லுக்கு ‘ஒவ்வொருவரும்’ என்று பொருள். படத்தின் நாயகனுடைய பெயரும் அதுதான்.

படத்தில் என்ன நடக்கிறது?

முதற்பார்வைக்கு ஒரு வணிகக் கிடங்கின் முற்றம் போலத் தெரியும். பீப்பாய்களும் மூட்டைகளும் கட்டுகளும் சாக்குகளும் இடமில்லாதபடி சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கிடையே ஆட்டப் பலகையும் சீட்டுகளும் விழுந்திருக்கின்றன. நடுவில் தாடி வைத்த, மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு முதியவர், நீண்ட அங்கியோடு, கையில் எரியும் விளக்கைப் பிடித்துக்கொண்டு எதையோ தேடுகிறார். அவரது ஆடையின் விளிம்பில் ‘எல்க்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. உச்சியில் சிலுவை வைத்த உலக உருண்டை ஒன்று, அரசர்கள் கையில் ஏந்தும் அந்தச் சின்னம், அவருடைய காலடியில் மற்றப் பொருள்களோடு பொருளாகத் தரையில் கிடக்கிறது.

கண்ணைச் சற்று நகர்த்தினால் இன்னொருவர் தென்படுவார், அவரும் எல்க். ஒருவர் பீப்பாய்க்குள்ளேயே புகுந்து தேடுகிறார், ஒருவர் மூட்டைகளுக்கிடையே துழாவுகிறார், தொலைவில் சிறு உருவமாக ஒருவர் விளக்கோடு நடந்துபோகிறார். இரண்டு எல்க்குகள் நீளமான ஒரு பொருளின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக இழுக்கிறார்கள். ‘நீளமான முனையைப் பிடித்து இழுப்பது’ என்பது டச்சு மொழியில், மற்றவரை முந்தித் தனக்கு அதிகப் பங்கைச் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும் வழக்கு. புரூகல் அந்த வழக்கைச் சொல்லுக்குச் சொல் படமாக்கிவிட்டார். மறு ஆண்டு, 1559இல், டச்சுப் பழமொழிகள் பலவற்றை ஒரே ஊர்க்காட்சிக்குள் அடைத்து அவர் தீட்டிய வண்ண ஓவியம் பெர்லினில் இருக்கிறது. அதற்கான பயிற்சியை இந்த இழுபறியிலேயே காணலாம்.

இத்தனை பேரும் தனித்தனி மனிதர்களா, ஒரே மனிதரா என்ற கேள்வி வருவது இயல்பு. அனைவருக்கும் ஒரே பெயர் என்பதால், ஒருவரே பல இடங்களில் நிற்கிறார் என்றும் கொள்ளலாம், உலகில் உள்ள அனைவரும் ஒருவரைப் போலவே இருக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். படம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

பகலில் எதற்கு விளக்கு?

விளக்கைப் பார்த்தவுடன் 16ஆம் நூற்றாண்டின் படித்த ஐரோப்பியருக்கு நினைவுக்கு வந்திருக்கக்கூடியவர் கிரேக்க ஞானி டயோஜெனிஸ். பட்டப்பகலில் விளக்கேந்தி ஏதென்ஸ் தெருக்களில் நடந்த அவரிடம் காரணம் கேட்டபோது, ‘ஒரு மனிதனைத் தேடுகிறேன்’ என்றாராம். மனிதன் என்று சொல்லத் தகுதியானவன் அகப்படவில்லை என்பது கதையின் உட்பொருள். எல்க்கும் பகலில்தான் விளக்கைக் கொளுத்தியிருக்கிறார். ஆனால் அவர் அந்த வெளிச்சத்தைப் பொருள்களின் மீது பாய்ச்சுகிறார்.

இந்த ஒப்புமையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பீப்பாய். டயோஜெனிஸ் உடைமை ஏதும் வேண்டாம் என்று ஒரு பெரிய மண்சாடிக்குள் வாழ்ந்தவர். பிற்கால ஐரோப்பிய ஓவியர்கள் அதைப் பீப்பாயாகவே வரைந்தார்கள். எல்க்கும் பீப்பாய்க்குள் இருக்கிறார், அதற்குள் சரக்கு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. விளக்கு, பீப்பாய் ஆகிய இரண்டும் ஞானியினுடையவை. அவற்றைக் கையாளும் விதம் மட்டும் முழுக்கத் தலைகீழாகியிருக்கிறது.

சுவரில் மாட்டியிருக்கும் சிறிய படம் என்ன?

அதுதான் இந்த அச்சோவியத்தின் திறவுகோல் என்பேன். பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். படத்துக்குள் ஒரு படமாக, கோமாளி உடை அணிந்த ஒருவன் உடைந்த வீட்டுச் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதன் கீழே ‘நீமான்ட் தன்னை அறியான்’ என்ற பொருள்பட டச்சில் எழுதியிருக்கிறது. ‘நீமான்ட்’ என்றால் ‘ஒருவரும் இல்லை’. அக்கால ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் அது ஒரு பாத்திரத்தின் பெயருமாகும்.

வீட்டில் பானை உடைந்திருக்கும்; ‘யார் உடைத்தது?’ என்று கேட்டால் வேலையாளும் பிள்ளைகளும் ‘ஒருவரும் இல்லை’ என்பார்கள். அப்படியானால் அந்த ‘ஒருவரும் இல்லை’ என்பவன்தான் எல்லாவற்றையும் உடைத்திருக்க வேண்டும்! இந்த வேடிக்கையிலிருந்து பிறந்தவன்தான் அவன். 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் உடைந்த சட்டிபானைகளோடு அவனை வரைந்த அச்சுத் தாள்கள் ஜெர்மன் நகரங்களில் விற்பனையாயின. ஊரார் பழியையெல்லாம் சுமக்கும் அப்பாவி அவன். புரூகல் அவனிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அனைவரும் தேடியலையும் முற்றத்தின் சுவரில் மாட்டிவைத்தார்.

அடியில் உள்ள செய்யுள்கள் என்ன சொல்கின்றன? தமிழில் அவற்றை எப்படிச் சொல்வது?

இலத்தீன், பிரெஞ்சு, டச்சு ஆகிய மூன்று மொழிகளில் செய்யுள் அச்சிடப்பட்டிருக்கிறது. தாள் பல நாடுகளுக்கும் விற்பனைக்குப் போகும் என்று பதிப்பாளர் கணக்கிட்டதன் அடையாளம் அது. மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று நினைத்துவிடக் கூடாது. மையக் கருத்து ஒன்றே என்றாலும், ஒவ்வொரு மொழியும் தனக்கு இயன்ற சொல்விளையாட்டைத் தேடிக்கொள்கிறது.

இலத்தீன் அடிகள் ‘நேமோ நோன்’ என்ற தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ‘நேமோ’ என்றால் ஒருவரும் இல்லை. ‘நோன்’ என்பது மற்றோர் எதிர்மறை. இரண்டும் சேர்ந்தால் ‘ஒவ்வொருவரும்’ என்றாகும். சுவரில் இருக்கும் ‘ஒருவருமில்லை’ என்ற பாத்திரத்தின் பெயரிலிருந்தே முற்றத்தில் இருக்கும் ‘ஒவ்வொருவரும்’ என்ற பாத்திரத்தை இலத்தீன் உருவாக்கிவிடுகிறது. தமிழுக்கும் இது கைவந்த கலை. ‘எங்கும் தன் நலத்தைத் தேடாதவன் ஒருவனுமில்லை, எச்செயலிலும் தன்னைத் தேடாதவன் ஒருவனுமில்லை, தனி ஆதாயத்துக்கு வாய்பிளக்காதவன் ஒருவனுமில்லை, இவன் இழுக்கிறான், அவன் இழுக்கிறான், உடைமை கொள்ளும் ஆசை எல்லாருக்கும் ஒன்றே’ என்று அந்த நான்கு அடிகளையும் ஏறத்தாழ அப்படியே பெயர்த்துவிடலாம்.

டச்சு வரியில்தான் தமிழ் தடுமாறுகிறது. ‘நீமான்ட் தன்னை அறியான்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. தன்னை அறிந்தவர் உலகில் எவருமில்லை என்பது ஒன்று. நீமான்ட் என்னும் அந்த ஆளுக்கே தன்னைத் தெரியவில்லை என்பது மற்றொன்று. ஒருவருமில்லை என்பதை ஒரு பெயர்ச்சொல்லாக எழுவாய் இடத்தில் நிறுத்தும் வழக்கம் தமிழில் இல்லை. எதிர்மறையை நாம் வினையின் மீது ஏற்றிவிடுகிறோம். ‘ஒருவனும் அறியான்’ என்று சொன்னால் எதிர்மறையின் பாரமெல்லாம் ‘அறியான்’ என்பதில் இறங்கிவிடுகிறது. பழிசுமக்கும் அந்த ஆள் மறைந்துபோகிறான். ஆகவே அவனுடைய பெயரை நீமான்ட் என்று அப்படியே வைத்து விளக்கிச் சொல்வதே நல்லது.

ஆனால் இன்னொரு டச்சுத் தொடருக்குத் தமிழில் வியப்பூட்டும் இணை கிடைக்கிறது. டச்சுச் செய்யுள், ஒவ்வொருவனும் எல்லாக் காரியங்களிலும் ‘தன்னைத் தேடுகிறான்’ என்கிறது. தன் ஆதாயத்தைத் தேடுகிறான் என்றும், தான் யார் என்று தேடுகிறான் என்றும் அது இருபொருள்படும். எல்லா நேரமும் எல்லாரும் தன்னைத் தேடிக்கொண்டே இருந்தால் எவன்தான் தொலைந்துபோக முடியும் என்றும் அச்செய்யுள் கேட்கிறது. தமிழில் ‘அவன் தன்னைப் பார்த்துக்கொள்கிறான்’ என்று சொல்லிப் பாருங்கள். பிறரைப் பற்றிக் கவலையின்றித் தன் காரியத்தைக் கவனிக்கிறான் என்பது ஒரு பொருள். கண்ணாடியில் முகம் பார்க்கிறான் என்பது மற்றொரு பொருள். முற்றத்தில் எல்க் தன்னைப் பார்த்துக்கொள்கிறார். சுவரில் நீமான்டும் தன்னைப் பார்த்துக்கொள்கிறான். இந்த ஒரு தொடரை வைத்துக்கொண்டே தமிழ் வாசகருக்கு முழுப் படத்தையும் விளக்கிவிடலாம் என்பது என் நம்பிக்கை. ஆதாயம் தேடுவதைத் தன்னைத் தேடுவதாக மயங்கிக்கொள்வதே இங்கே பேதைமையாகக் காட்டப்படுகிறது.

பேதைமை என்றால் அறிவுக்குறைவு என்று பொருளா?

அக்கால வழக்கில் அப்படி இல்லை. 1494இல் பாசெல் நகரில் செபாஸ்டியன் பிரான்ட் வெளியிட்ட ‘மூடர்களின் கப்பல்’ என்ற நூலில் கப்பலேறும் முதல் மூடன், தான் படித்துப் புரிந்துகொள்ளாத புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கும் நூல் சேகரிப்பாளன். 1511இல் அச்சேறிய, டச்சு அறிஞர் எராஸ்மஸின் ‘பேதைமையின் புகழ்ச்சி’யில் பேதைமையே மேடையேறி, அரசர்களும் இறையியலாளர்களும் தன் பிள்ளைகள் என்று உரிமை கொண்டாடுகிறது. பட்டம் பெற்றவனும் செல்வனும் முதியவனும் பேதையாக இருக்கலாம். தன்னைப் பற்றிய மயக்கமே அதன் அடையாளம். எல்க்குக்கு மூக்குக் கண்ணாடி அணிவித்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்வைக் குறைவு அவருக்குத் தடையாக இல்லை, தன்னைப் பற்றிய மயக்கமே தடை.

இதை ‘எம்பிளம்’ என்று அழைப்பது சரியா?

ஓரளவுக்குச் சரி. எம்பிளம் என்ற வடிவம் ஆந்திரேயா அல்சியாத்தோவின் நூல் 1531இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெளிவந்த பிறகு பரவியது. மேலே ஒரு சுருக்கமான தலைப்பு வாசகம், நடுவே புதிர் போன்ற படம், கீழே விளக்கும் செய்யுள் என்று மூன்று உறுப்புகள் அதற்குப் பிற்காலத்தில் நிலைபெற்றன. எல்க் தனித்தாளாக விற்கப்பட்டது. எம்பிளம் நூல் எதிலிருந்தும் பிரித்தெடுத்த பக்கமன்று. ஆயினும் சுவர்ப்படத்தின் வாசகம் தலைப்பாகவும் அடிச்செய்யுள் விளக்கமாகவும் செயல்படுவதால், எம்பிளத்தைப் படிக்கும் முறையிலேயே இதையும் படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கிடங்கில் சாமான் தேடும் கிழவர்கள் மட்டுமே தெரிவார்கள்.

புரூகலே தகட்டைச் செதுக்கவில்லையா?

இல்லை. அக்காலத்தில் இது பிரித்துச் செய்யப்பட்ட தொழில். ஓவியர் தாளில் வரைந்து கொடுப்பார். செதுக்குநர் பளபளப்பாக்கிய செப்புத் தகட்டில் ப்யூரின் என்ற கூர்முனை உளியால் ஒவ்வொரு கோட்டையும் பள்ளமாக எடுப்பார். தகடு முழுவதும் மை தடவித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன் மேல் வைத்து உருளை அச்சுப்பொறியில் நசுக்கும்போது, தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். தாளில் தோன்றுவது தகட்டில் இருப்பதன் இடவல மாற்று வடிவம் என்பதால், எழுத்துகளைத் திருப்பிச் செதுக்க வேண்டும். மூன்று மொழிச் செய்யுளை அப்படிச் செதுக்கியவரின் பொறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹெய்டன் தம் பெயரை இலத்தீனாக்கி ‘பெத்ருஸ் ஆ மெரிகா’ என்று வைத்துக்கொண்டவர். புரூகலின் ஏழு பாவங்கள் வரிசை உள்ளிட்ட பல படங்களைச் செதுக்கியவரும் அவரே.

கொக்கும் அவர் மனைவி ஃபோல்க்ஸ்கன் டீரிக்ஸும் 1548இல் தொடங்கிய பதிப்பகத்தின் பெயர் ‘நான்கு காற்றுகள்’. 1570இல் கொக் மறைந்த பின், மனைவி 1600இல் தாம் இறக்கும்வரை அதை நடத்தினார். புரூகலின் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியதில் அந்த அம்மையாருக்கு உள்ள பங்கு இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

படம் வணிகர்களைத் தாக்குகிறதா?

ஆன்ட்வெர்ப் அப்போது வட ஐரோப்பாவின் பெரும் வணிக நகரம். 1531இல் கட்டப்பட்ட வணிகச் சந்தைக் கட்டடத்தில் பல நாட்டு வணிகர்கள் கூடினார்கள். படத்தில் உள்ள கட்டுகளும் பீப்பாய்களும் அந்நகரத் துறைமுகத்தில் நாள்தோறும் கண்ட காட்சி. எனினும் வணிகரை மட்டும் குறிவைத்திருந்தால் ‘வணிகன்’ என்றே பெயரிட்டிருக்கலாம். ‘ஒவ்வொருவரும்’ என்ற பெயர் தேவைப்பட்டிருக்காது. தாளை விற்ற கொக்கும், காசு கொடுத்து வாங்கிச் சென்றவரும் அப்பெயருக்குள் அடங்குகிறார்கள்.

தொலைவில் கூடாரங்கள் தெரிகின்றனவே, அவை எதற்கு?

பின்னணியில் படைவீரர்களும் பாசறைக் கூடாரங்களும் இருக்கின்றன. ஒரு தேவாலயமும் தெரிகிறது. தொலைவில் செல்லும் எல்க் அந்தப் பக்கமாக நடக்கிறார். தன்னலத் தேடல் கிடங்கோடு நின்றுவிடுவதில்லை, போர்க்களம் வரைக்கும் போகிறது என்பது பொதுவான விளக்கம். இதற்கு என் பங்காக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இலத்தீன் செய்யுளின் கடைசி அடியில் வரும் ‘அமோர் ஹபெந்தி’, அதாவது உடைமை கொள்ளும் ஆசை, பண்டைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் தொடர். ‘ஈனியட்’ எட்டாம் காண்டத்தில் பொற்காலம் மங்கிப்போனதைச் சொல்லும் இடத்தில், போர்வெறியும் உடைமை கொள்ளும் ஆசையும் அதன் இடத்தைப் பிடித்தன என்று இரண்டையும் ஒரே அடியில் வைக்கிறார் அவர். இலத்தீன் கற்ற வாசகர் அந்த அடியை நினைவில் வைத்திருந்தால், முன்னால் கிடக்கும் மூட்டைகளுக்கும் பின்னால் நிற்கும் கூடாரங்களுக்கும் உள்ள உறவு அவருக்கு உடனே விளங்கியிருக்கும்.

இதைப் போன்ற வேறு படங்கள் உண்டா?

உண்டு. 1557இல் வெளிவந்த ‘பெரிய மீன் சிறிய மீனைத் தின்னும்’ என்ற தாளைப் பலர் அறிவார்கள். புரூகல் வரைந்த அதில், அப்போது அதிகம் விலைபோன, முந்தைய தலைமுறை ஓவியர் போஷின் பெயரைக் கொக் பொறித்திருக்கிறார். எல்க்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, அதே 1558இல் வரையப்பட்டு ஃபிலிப்ஸ் காலே செதுக்கிய ‘இரசவாதி’. பொன் செய்யும் ஆசையில் கடைசிக் காசையும் உலையில் போடுகிறான் ஒருவன். சன்னலுக்கு வெளியே, அதே குடும்பம் பிள்ளைகளோடு ஏழைகள் விடுதிக்குள் நுழைவது தெரிகிறது. இரசவாதியைக் குறிக்கும் டச்சுச் சொல்லை ‘எல்லாம் பாழ்’ என்று ஒலிக்கும்படி பிரித்துக் காட்டும் சிலேடையும் அங்கே உண்டு.

என்னிடம் இப்படத்தின் பழைய தாள் ஒன்று இருக்கிறது. அது அசலா?

புகைப்படத்தைப் பார்த்து எவரும் உறுதி சொல்ல முடியாது. தாளைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் கோடுகள் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால், அது பிற்கால அச்சகத்தில் புகைப்பட முறையில் எடுத்த படி. கோடுகள் தொடர்ச்சியாக, முனையில் கூர்ந்து, மை சற்றே மேடாக இருந்தால் செப்புத் தகட்டு அச்சாக இருக்கலாம். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் நான்கு பக்கமும் இருக்க வேண்டும்; ஆனால் பழைய தாள்களை அத்தடம் வரைக்கும் வெட்டிவிடுவது வழக்கம், 19ஆம் நூற்றாண்டுப் படிகளிலும் அதே போன்ற தடம் உண்டு. ஆகவே அதை மட்டும் நம்ப இயலாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கையால் செய்த பழைய தாளில் இணைகோடுகளும் சில வேளை நீர்க்குறியும் தெரியும். தகடு தேயத் தேயக் கோடுகள் வெளிறும் என்பதால், உண்மையான அசலிலும் முதலில் எடுத்த படிகளுக்கும் பிந்திய படிகளுக்கும் மதிப்பில் பெரிய வேறுபாடு உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பிரஸ்ஸல்ஸில் உள்ள பெல்ஜிய அரச நூலகமும் புரூகலின் அச்சோவியங்களைப் பெருமளவில் வைத்திருக்கின்றன. இணையத்தில் அவை வெளியிடும் பெரிய படங்களோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதை எப்படிப் பாதுகாப்பது?

முதலில், லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் மையும் சேர்ந்து வந்துவிடும். பழைய தாள்கள் அப்படிப் பாழாவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. ஒட்டுநாடாவும் வேண்டாம். அமிலம் நீக்கிய அட்டைகளுக்கிடையே, கண்ணாடி நேரடியாகப் படாதபடி சட்டமிட்டு, வெயில் விழாத உட்சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் தாளோவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தையே அனுமதிக்கின்றன. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் எளிதில் ஏறும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் தொங்கவிடாமல், மாதம் ஒருமுறை சட்டத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பழுப்புப் புள்ளிகள் தென்பட்டால் வீட்டிலேயே துடைக்க முயலாமல், தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுசெல்லுங்கள்.